அப்பாவுக்கு மறதி நோய், கன்னத்துல புற்று. முடிவு யார் எடுக்கிறது?

குடியாத்தம் தறிவீடு | 6 மே 2025

அப்பாவுக்கு 76. கைலி நெய்தவர். மூணு வருஷமா மறதி நோய். என் பேரு சில நாள் ஞாபகம் இருக்கும், சில நாள் என்னை அவங்க தங்கச்சின்னு நினைச்சுப்பார். கன்னத்துக்கு உள்பக்கம் ஆறாத புண்ணு, சதை எடுத்து டெஸ்ட் பண்ணதுல புற்றுன்னு வந்துடுச்சு. ஆபரேஷன் பண்ணி அப்புறம் கரண்ட் (கதிர்வீச்சு) வைக்கணும்ங்கிறாங்க. பெரிய அண்ணன் பெங்களூர்ல இருந்து "எவ்வளவு செலவானாலும் எல்லாம் பண்ணிடலாம்"ங்கிறார். சின்ன அண்ணன் "இந்த வயசுல எதுக்கு, நிம்மதியா விடுங்க"ங்கிறார். கூடவே இருந்து பார்த்துக்கிறது நான். என்னை யாரும் கேக்கலை. எங்க ஊர் கெங்கையம்மன் சிரசு திருவிழாவுக்கு எல்லாரும் வருவாங்க, அப்போ உக்கார்ந்து பேசிக்கலாம்னு இருக்காங்க. எனக்கு ரெண்டு கேள்வி. அப்பாகிட்ட சொல்லணுமா? கையெழுத்து யார் போடணும்?

சத்துவாச்சாரி மருமகள் | 6 மே, இரவு

கையெழுத்தை அப்புறம் பார்த்துக்கலாம். ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்தப்புறம் வாய் கழுவி விடுறது, மூக்கு வழியா டியூப் போட்டிருந்தா அதுல கஞ்சி விடுறது, ராத்திரி அதைப் பிடுங்காம காவல் இருக்கிறது, இதெல்லாம் யாருன்னு அண்ணனுங்க ரெண்டு பேரையும் கேளுங்க. பதில் நீங்கதான்னா, டாக்டர் முன்னாடி நாற்காலியில உக்கார வேண்டியதும் நீங்கதான். அண்ணனுங்க பின்னாடி நிக்கட்டும்.

எங்க அத்தைக்கு மார்புல கட்டி, அதோட மறதி. அதை முதல்ல கண்டுபிடிச்சது ஸ்கேனும் இல்ல டாக்டரும் இல்ல, குளிப்பாட்டும்போது சோப்புக் கையில தட்டுப்பட்டது. அவங்களுக்கு அதைச் சொல்லத் தெரியலை. மீதி நாளைக்கு எழுதறேன், இங்க கரண்ட் போய்ப் போய் வருது. (வீட்டுக் கரண்ட்.)

7 மே

சின்ன அண்ணன் சொல்ற "நிம்மதியா விடுங்க" பத்தி. எங்க அத்தை விஷயத்துல அது பாதி சரி. உங்க அப்பாவுக்கு அப்படி இல்ல.

கன்னத்துப் புற்றை அப்படியே விட்டா அது சும்மா இருக்காது. புண்ணு பெருசாகும், ரத்தம் கசியும், வாடை வரும், தாடை இறுகி வாய் திறக்க முடியாம போகும், முழுங்க முடியாது. சில பேருக்குக் கன்னத்தைத் துளைச்சுகிட்டு வெளியவே வந்துடும். வைத்தியம் வேணாம்னு முடிவெடுத்தா வேலை குறையாது, வேற மாதிரி வேலை வரும்.

பெரிய அண்ணன் சொல்ற "எல்லாம் பண்ணிடலாம்"லயும் ஓட்டை இருக்கு. ஆபரேஷனுக்கு அப்புறம் வைக்கிற கரண்ட் வழக்கமா வாரத்துல அஞ்சு நாள், ஆறு வாரம், மொத்தம் 30 தடவை. ஒவ்வொரு தடவையும் முகத்துக்கு அளவா செஞ்ச பிளாஸ்டிக் வலை முகமூடியை மேசையோட சேர்த்து இறுக்கிட்டு, எல்லாரும் அறையை விட்டு வெளிய போயிடுவாங்க. உள்ள அவர் தனியா, அசையாம கிடக்கணும். எங்க இருக்கோம்னே தெரியாத மனுஷனுக்கு மூஞ்சியைக் கட்டிப் போட்டா எப்படி இருக்கும்? இதை பெங்களூர் போன்ல சொன்னா புரியாது.

அதனால டாக்டர்கிட்ட "என்ன பண்ணலாம்"னு மட்டும் கேக்காதீங்க. "இதுக்கு எங்க அப்பா என்னென்ன செய்யணும்?"னு கேளுங்க. எவ்வளவு நேரம் அசையாம இருக்கணும், எத்தனை நாள் வாயால சாப்பிட முடியாது, வலியை அவரா சொல்லணுமா, டியூபை எத்தனை நாள் வெச்சிருப்பாங்க. அதுல எது அவரால முடியும்னு சொல்ற ஆள் இந்த உலகத்துல நீங்க ஒருத்தர்தான்.

7 மே, பின்னாடியே

ஒண்ணு விட்டுப்போச்சு. மறதி நோய் இருக்குன்னு அந்த ஆஸ்பத்திரியில சொல்லியிருக்கீங்களா? சிரிக்காதீங்க. ஓபியில நாலு நிமிஷம் பார்க்கிற புற்றுநோய் டாக்டருக்கு, "சாப்டீங்களா?"ன்னா "ஆச்சு சார்"னு சிரிச்சுகிட்டே சொல்ற பெரியவர்கிட்ட எதுவும் தப்பாத் தெரியாது. எங்க அத்தை டாக்டரைப் பார்த்ததும் எழுந்து கும்பிடுவாங்க, "நல்லாக்கிறேன் சாமி"ன்னு சொல்வாங்க. சாயங்காலம் வீட்டுக்கு வந்து "எங்க வூட்டுக்கு என்னைக் கொண்டு போய் விடுங்க"ன்னு அழுவாங்க.

ஃபைல் மேல பெருசா எழுதி வைக்கச் சொல்லுங்க. என்ன மறந்துபோகுது, என்ன இன்னும் தெரியுது, ரெண்டையும்.

9 மே

"எங்க மாமியாருக்கும் மறதிதான், வயசானா எல்லாருக்கும் வர்றதுதானே, அதுக்கு எதுக்கு இவ்வளவு பேச்சு"ன்னு பேர்ணாம்பட்டு அக்கா கேட்டிருக்காங்க.

இல்லக்கா. வயசானா சாவி எங்க வெச்சோம்னு மறக்கும். இது சாவி எதுக்குன்னே மறக்கிறது. இந்தியாவுல 60 தாண்டினவங்கள்ல 7.4 சதவீதம் பேருக்கு இந்த நோய் இருக்கும்னு 2023ல வந்த பெரிய ஆய்வு சொல்லுது. உலக அளவுல மறதி நோயை ஆராய்ஞ்ச 10/66ன்னு ஒரு குழு உண்டு, அதுல நம்ம வேலூர் சுத்துவட்டாரக் கிராமங்களும் சேர்த்தி. பேருக்குக் காரணம் இது: இந்த நோயாளிகள்ல 66 சதவீதம் பேர் நம்மளை மாதிரி நாட்டுல இருக்காங்க, ஆராய்ச்சியில 10 சதவீதம்கூட இங்க நடக்கலை. ஊர்ப் பெருமைக்கு சும்மா சொல்லி வெச்சேன்.

10 மே

அப்பாகிட்ட சொல்லணுமாங்கிற கேள்விக்கு வரேன்.

மறதி நோய் வந்துட்டா ஒண்ணுமே முடிவெடுக்க முடியாதுன்னு கிடையாது. முடிவெடுக்கிற சக்தி அந்தந்த விஷயத்தைப் பொறுத்தது, அந்தந்த வேளையையும் பொறுத்தது. பத்திரத்துல கையெழுத்துப் போடுற அளவு தெளிவு இல்லாதவருக்கு, கத்தி வேணுமா மாத்திரை வேணுமான்னு சொல்ற தெளிவு இருக்கலாம். டாக்டருங்க நாலு விஷயம் பார்ப்பாங்க: சொன்னது புரியுதா, கொஞ்ச நேரமாவது மனசுல நிக்குதா, இதா அதான்னு எடை போட முடியுதா, முடிவை வாயாலயோ சைகையாலயோ சொல்ல முடியுதா.

அத்தைக்குக் காலையில காபி குடிச்ச பிறகு ஒரு ஒன்றரை மணி நேரம் நல்லா இருக்கும். வெயில் சாய்ஞ்சா போச்சு. அந்த நேரம் பார்த்து, டிவியை நிறுத்திட்டு, நான் மட்டும் பக்கத்துல உக்கார்ந்து கேட்டேன். "நெஞ்சுல கட்டி இருக்கு அத்தே. அறுத்து எடுக்கலாம், இல்ல தினம் ஒரு மாத்திரை போட்டுப் பார்க்கலாம். எது வேணும்?" அவங்க சொன்னது: "கத்தி இன்னாத்துக்கு? மாத்திரை குடு." பத்து நிமிஷத்துல மறந்துட்டாங்க. ரெண்டு மூணு நாள் கழிச்சு மறுபடி கேட்டேன், ஒண்ணுமே ஞாபகம் இல்ல, ஆனா அதே பதில். அடுத்த வாரமும் அதே. கேள்வி ஞாபகத்துல நிக்கலைன்னாலும் பதில் ஒரே மாதிரி வந்தா அதுக்கு மதிப்பு உண்டுன்னு டாக்டரம்மா ஃபைல்ல எழுதிக்கிட்டாங்க.

புற்றுன்ற வார்த்தையை ஒரு தடவை சொன்னேன். அழுதாங்க. மறுநாள் நாத்தனார் வந்து திரும்ப சொன்னாங்க. புதுசா கேக்கிற மாதிரி மறுபடி அழுதாங்க. அன்னிக்கே வீட்டுல சொல்லிட்டேன்: ஒரு தடவை சொன்னது போதும், அவங்களா கேட்டா பொய் சொல்ல வேணாம், கேக்காம யாரும் சொல்லவும் வேணாம். உங்க அப்பாகிட்ட "வாயில புண்ணு இருக்குப்பா, அது ஆறலை, அதை எடுக்கலாமா"ன்னு ஆரம்பிங்க. எவ்வளவு தூரம் கேக்கிறாரோ அவ்வளவு தூரம் போங்க.

11 மே

கையெழுத்து.

வாலாஜா நண்பர் ஒருத்தர் "மனநலச் சட்டத்துல பிரதிநிதின்னு ஒருத்தரை நியமிச்சா போதும், அவர் எல்லாத்துக்கும் கையெழுத்துப் போடலாம்"னு எழுதியிருக்கார். அப்படி இல்லைங்க. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்ற பிரதிநிதி மனநல வைத்தியத்துக்கு மட்டும்தான். கன்னத்து ஆபரேஷனுக்கு அது செல்லாது.

நம்ம ஊர்ல வயசு வந்த ஒருத்தருக்குத் தெளிவு இருந்தா அவர் சம்மதம்தான் சம்மதம். 2008ல உச்ச நீதிமன்றத்துல ஒரு வழக்கு. பரிசோதனைக்காக மயக்கம் குடுத்த ஒரு பெண்ணுக்கு, வெளிய இருந்த அம்மாகிட்ட சம்மதம் வாங்கிட்டு கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க. செல்லாதுன்னு தீர்ப்பு. பெத்த தாயாவே இருந்தாலும். அதனால அப்பாவுக்குப் புரியுதான்னு முதல்ல பார்க்கணும், பார்த்ததை டாக்டர் எழுதி வைக்கணும். புரியலைன்னா நடைமுறையில மனைவி, பிள்ளைங்க சம்மதத்தோட டாக்டருங்க நோயாளிக்கு எது நல்லதோ அதைச் செய்றாங்க. பிள்ளைங்க மூணு பேரும் மூணு திசையில இழுத்தா எந்த டாக்டரும் கத்தியை எடுக்கத் தயங்குவார், நியாயம்தானே.

போளூர் வக்கீல் சார் இன்னொண்ணு சேர்த்திருக்கார். உயிர்காக்கும் கருவி வேணுமா வேணாமான்னு முன்னாடியே எழுதி வைக்கிறதை உச்ச நீதிமன்றம் 2018ல ஏத்துக்கிச்சு, 2023ல அதை எளிமையாக்கிச்சு. இப்போ ரெண்டு சாட்சி, நோட்டரி இல்லைன்னா கெசட்டட் ஆபீசர் கையெழுத்து இருந்தா போதும். ஆனா புத்தி தெளிவா இருக்கும்போதே எழுதணும். உங்க அப்பாவுக்கு அந்த நேரம் தாண்டியாச்சு. எனக்கு 52, நான் எழுதப் போறேன்னு வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். "முதல்ல ரேஷன் கார்டுல பேரு திருத்து"ங்கிறார்.

13 மே

சண்டைக்கு ஒரு வழி. "உனக்கு என்ன தோணுது"ன்னு ஒருத்தரை ஒருத்தர் கேக்காதீங்க. "தறி ஓட்டிகிட்டிருந்த அப்பா, நல்லா இருந்தப்போ, இதுக்கு என்ன சொல்லியிருப்பார்"னு கேளுங்க. பழைய பேச்செல்லாம் கிளறுங்க. பக்கத்து வீட்டுக்காரர் படுத்தப்போ அப்பா என்ன சொன்னார்? அம்மா போனப்போ? எங்க வீட்டுல இதைக் கேட்டதும், சிங்கப்பூர்ல இருந்து வீடியோ காலில் தினம் ஒரு வைத்தியம் சொல்லிகிட்டிருந்த கொழுந்தனார் அமைதியாயிட்டார். அவர்தான் சொன்னார்: "பாட்டிக்கு ஆஸ்பத்திரியில டியூப் போட்டப்போ, எனக்கு இந்த மாதிரி பண்ணிடாதீங்கடான்னு அம்மா என் கையைப் பிடிச்சு சொன்னாங்க அண்ணி." கூடவே இருந்த எனக்கு அது தெரியாது. தூரத்துப் பிள்ளைங்களையும் ஒதுக்காதீங்க, அவங்ககிட்ட பழைய அம்மா இருக்காங்க.

13 மே, கொஞ்சம் சிரிக்க

பெரிய ஆஸ்பத்திரி (சிஎம்சி) தெருவுல வைத்தியத்துக்கு வந்த வங்காளத்துக்காரங்க எத்தனை பேர்னு வேலூர்க்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல, ஆட்டோக்காரரே பெங்காலி பேசுவார். காத்திருக்கிற இடத்துல அத்தை பக்கத்துல கொல்கத்தா பாட்டி ஒருத்தங்க. இவங்க தமிழ், அவங்க பெங்காலி. அரை மணி நேரம் நிறுத்தாம பேசினாங்க. நடுவுல ரெண்டு பேரும் கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. வெளிய வந்ததும் "அவங்க மருமக சரியில்லையாம்"னு அத்தை என்கிட்டயே சொன்னாங்க.

16 மே

சிரசு முடிஞ்சு தங்கச்சி போட்டிருக்கிறதைப் படிச்சேன். அண்ணனுங்க ரெண்டு பேரும் கூட வந்து, நீங்க நாற்காலியில உக்கார்ந்து பேசியிருக்கீங்க. கட்டி ரொம்பப் பெருசு இல்ல, ஆபரேஷன் பண்ணலாம், கரண்ட் முடியுமான்னு பிறகு பார்க்கலாம்னு டாக்டர் சொல்லியிருக்கார். அப்பா "புண்ணு எரியுது, எடுத்துடு"ன்னாராம். போதும். எங்க அத்தை கத்தி வேணாம்னாங்க, உங்க அப்பா எடுத்துடுன்றார். என் கதையைப் பார்த்து நீங்க தயங்க வேணாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை, ஆபரேஷனுக்கு அடுத்த நாட்களைப் பத்தி. அதைத் தனியா எழுதறேன்.

17 மே

மார்புக் கட்டிக்கு முன்னாடியே அத்தைக்கு இடுப்பு எலும்பு ஒடைஞ்சு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில ஆபரேஷன் ஆச்சு. முதல் ராத்திரி கூட யாரும் இருக்கக் கூடாதுன்னுட்டாங்க. காலையில போனா ரெண்டு கையையும் கட்டில் கம்பியோட துணி வெச்சுக் கட்டியிருந்தாங்க. மணிக்கட்டுல சிவப்பா வரி. ஊசிக் குழாயைப் பிடுங்கினாங்களாம், இறங்கி ஓடப் பார்த்தாங்களாம். என்னைப் பார்த்து "போலீசைக் கூப்புடு"ன்னாங்க. பழைய நிலைக்கு முழுசா அவங்க திரும்பவே இல்ல.

அதுக்குப் பேரு டெலிரியம், திடீர்க் குழப்பம். மறதி நோய் உள்ளவங்களுக்கு ஆபரேஷனுக்கு அப்புறம் இது வர்ற வாய்ப்பு மத்தவங்களை விட ரொம்ப அதிகம். சத்தம் போட்டு ஆர்ப்பாட்டம் பண்ற வகை எல்லாருக்கும் தெரியும். சத்தமே இல்லாம சுருண்டு படுத்திருக்கிற வகையும் உண்டு, அதை "நல்லா தூங்குறார்"னு விட்டுடுவாங்க. அதுதான் ஆபத்து.

முன்கூட்டியே பேசி வைங்க. தெரிஞ்ச முகம் ஒண்ணு ராத்திரி பகல் கூட இருக்க அனுமதி வேணும். கண்ணாடி, காது மிஷின், பல்செட் இருந்தா டாக்டர் சரின்னதும் உடனே போட்டு விடணும். பகல்ல ஜன்னலைத் திறந்து வெளிச்சம், ராத்திரி விளக்கு அணைச்சு அமைதி. மலச்சிக்கல், மூத்திரம் அடைப்பு, தண்ணி பத்தாததுகூடக் குழப்பத்தைக் கிளப்பும். தூக்க மாத்திரை சிலது இன்னும் மோசமாக்கும், சளி அரிப்புக்குக் கடையில வாங்குற மாத்திரைலயும் சிலது அப்படி. அதனால மாத்திரை எல்லாத்தையும் ஒரு பையில அள்ளிப் போட்டு மயக்க மருந்து டாக்டர்கிட்ட காட்டுங்க.

சிஎம்சியில முதியோர் மருத்துவத்துக்கே தனித் துறை இருக்கு. காஞ்சிபுரம் காரப்பேட்டையில அறிஞர் அண்ணா பேர்ல அரசு புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கு. எங்க போனாலும், அறுக்கிறதுக்கு முன்னாடி வயசானவங்களைப் பார்க்கிற டாக்டர் ஒருத்தர் பார்த்தா நல்லது.

24 மே

வலி.

அத்தை பொண்ணா இருந்த காலத்துல இருந்து பீடி சுத்தினவங்க. எல்லாம் மறந்த பிறகும் விரலு மறக்கலை. உக்கார்ந்தா போதும், புடவை முந்தியை இலை மாதிரி மடியில விரிப்பாங்க, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் உருட்டும், நுனியை நகத்தால மடிச்சு அழுத்தும், இல்லாத நூலைச் சுத்தி இழுக்கும். நாள் முழுக்க. ஒரு நாள் அந்த விரல் நின்னுது. "நோவுதா அத்தே"ன்னா "இல்லியே"ம்பாங்க. ஆனா முந்தி மடியில கிடக்கும், கை அப்படியே இருக்கும். பாராசிட்டமால் குடுத்துப் பார்த்தேன். முக்கால் மணி நேரத்துல விரல் உருட்ட ஆரம்பிச்சுது.

பேச முடியாதவங்க வலியைப் பார்க்க டாக்டருங்களும் இதைத்தான் செய்றாங்க: மூச்சு விடுறது, முனகல், முகம், உடம்பு இறுக்கம், சமாதானப்படுத்தினா அடங்குறாங்களா. அஞ்சுக்கும் மார்க் போடுவாங்க. உங்க அப்பாவுக்கு எது நிக்குதுன்னு இப்பவே கவனிச்சு வெச்சுக்கங்க. நர்ஸ் "வலி இருக்கா தாத்தா?"ன்னு கேட்டு, அவர் இல்லைன்னதும் போயிடுவாங்க.

கடுமையான வலிக்குக் குடுக்கிற மார்ஃபின்னதும் பயப்பட வேணாம். 2014ல சட்டத்தைத் திருத்தி ஆஸ்பத்திரிகளுக்கு அது கிடைக்கிறதை எளிதாக்கினாங்க. சின்ன அளவுல ஆரம்பிப்பாங்க. கூடவே மலமிளக்கி கேட்டு வாங்குங்க, அதை விட்டா வேற ரகளை.

2 ஜூன்

எங்க முடிவு என்னாச்சுன்னு நாலஞ்சு பேர் கேட்டாச்சு.

அத்தை கட்டி ஹார்மோன் சார்ந்த வகை. அதுக்குத் தினம் ஒரு மாத்திரை, லெட்ரோசோல். கத்தி இல்ல, வார்டு இல்ல. கட்டி மெதுவா சுருங்கிச்சு. மூட்டு வலி வந்துது, எலும்பு தேய்மானத்துக்குத் தனி மாத்திரை. எழுபது தாண்டினவங்களுக்கு இந்த மாதிரி மாத்திரை மட்டும் குடுக்கிறதையும் ஆபரேஷனையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்காங்க. அந்த இடத்துல திரும்ப வளராம இருக்க ஆபரேஷன்தான் மேல், ஆயுசுல பெரிய வித்தியாசம் தெரியலைன்னு வந்திருக்கு. மாத்திரை என்னிக்காவது வேலை செய்றதை நிறுத்தும்ன்றதும் தெரியும். அத்தை விஷயத்துல கட்டி முந்திக்கலை, நிமோனியா முந்திகிச்சு.

நான் யோசிச்சுப் பார்க்கிற விஷயம் வேற. ஆபரேஷன் வேணாம்னு நான் சொன்னதுல, இன்னொரு தடவை வார்டுல ராத்திரி பகலா என்னால நிக்க முடியாதுங்கிறது எவ்வளவு கலந்திருந்துது? இடுப்பு ஆபரேஷன் சமயத்துல என் மக பத்தாவது. அப்போ பட்டதை நினைச்சாலே கை நடுங்கும். அத்தை மாத்திரைன்னு சொன்னதும் எனக்குள்ள ஒரு "அப்பாடா" வந்துது, அது உண்மை.

டாக்டரம்மாகிட்ட ஒரு நாள் இதை உடைச்சு சொன்னேன். அவங்க பதறலை. "நீங்க எவ்வளவு தாங்குவீங்கன்றது தெரியாம நான் எப்படி வைத்தியம் எழுதறது? அதையும் சேர்த்துத்தான் முடிவு"ன்னாங்க. சுகர் அளவைச் சொல்ற மாதிரி இதையும் சொல்லணும்னு எனக்கு அன்னிக்கு வரைக்கும் யாரும் சொன்னதில்ல. நம்ம பக்கம் மருமக "என்னால முடியலை"ன்னா அது குத்தம், மக சொன்னா அது பாவம்.

3 ஜூன்

மேல எழுதினதுக்கு ஆரணி அண்ணன், "அப்போ பார்த்துக்கிறவங்க சோர்ந்துட்டா வைத்தியத்தையே நிறுத்திடலாமா?"ன்னு சூடா கேட்டிருக்கார்.

இல்லண்ணே. சோர்வைச் சொன்னா ஆள் சேர்க்கலாம், முறையை மாத்தலாம். வாராவாரம் நரம்பு வழியா ஏத்துற மருந்துக்குப் பதிலா வாய்வழி மாத்திரை இருக்கான்னு பார்க்கலாம். முழுசா சொல்லாம உள்ளயே வெச்சிருந்தாத்தான் ஒரு நாள் பட்டுன்னு நின்னுபோகும். அரசோட மக்களைத் தேடி மருத்துவம் 2021ல இருந்து நடக்குது, படுத்த படுக்கையா இருக்கிறவங்களை வீட்டுக்கே வந்து பார்ப்பாங்க. உங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல பேரைக் குடுங்க. எங்க வீட்டுக்கு வந்த பொண்ணு அத்தைக்குப் புண்ணு கட்டுறதைவிட எனக்கு டீ போட்டுக் குடுத்ததுதான் அதிகம்.

உங்க கேள்வியில ஒரு நியாயமும் இருக்கு. பார்த்துக்கிறவங்க சொல்றதை மட்டுமே கேட்டு டாக்டர் முடிவெடுத்தா, உள்ள இருக்கிற மனுஷன் காணாம போயிடுவார். சொத்துக்காக இழுத்தடிக்கிற வீடும் உண்டு, சொத்துக்காகச் சீக்கிரம் விட்டுடுற வீடும் உண்டு. அதனாலதான் அவரைத் தனியா, காலை நேரத்துல, ஒரு தடவையாவது டாக்டரே கேக்கணும்ங்கிறேன்.

19 ஜூன்

தங்கச்சி போட்டதைப் படிச்சேன். ஆபரேஷன் நல்லபடி ஆச்சு. மூணாம் நாள் வரைக்கும் குழப்பம், "தறிக்கு நேரமாச்சு"ன்னு எழுந்துகிட்டே இருந்தாராம், பெங்களூர் அண்ணன்தான் ராத்திரி கூட இருந்தாராம். கையைக் கட்ட விடலைன்னு எழுதியிருக்கீங்க. எனக்குப் படிக்கவே நிறைவா இருந்துது.

அடுத்தது கரண்ட். முதல்ல முகமூடிக்கு அளவு எடுக்கிற நாள் வரும். அதையே பரீட்சையா வெச்சுக்கங்க. வெந்நீர்ல இளகின வலையை முகத்துல வெச்சு, ஆறி இறுகுற வரைக்கும் வைப்பாங்க. அன்னிக்குத் தாங்கினா மத்த நாளும் தாங்க வாய்ப்பு இருக்கு. பல்லு ஆடுறது இருந்தா முன்னாடியே பிடுங்கணும்பாங்க, கரண்ட் வெச்ச தாடையில பின்னாடி பல்லு எடுத்தா எலும்பு ஆறாம போகலாம்.

1 ஜூலை

தாங்கலை. வலையைப் பிச்சு எறிஞ்சுட்டாராம், அன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் யாரையும் கிட்ட விடலையாம். மயக்கம் குடுத்து வைக்கலாமான்னு பெரிய அண்ணன் கேட்டிருக்கார். 30 நாளும் பட்டினி போட்டு மயக்கமான்னு டாக்டரே வேணாம்னுட்டார். கரண்ட் இல்லாம, மாசாமாசம் பார்த்துக்கிறதுன்னு மூணு பேரும் ஒத்துகிட்டீங்க. திரும்ப வர்ற வாய்ப்பு கூடும்னு தெரிஞ்சேதான் ஒத்துகிட்டிருக்கீங்க. "கரண்ட்டைப் பாதியில விட்ட பாவம்"னு யாராவது சொந்தக்காரங்க வந்து பேசினா, அந்த வலையை ஒரு தடவை மூஞ்சியில மாட்டிப் பார்க்கச் சொல்லுங்க.

6 ஜூலை

திரும்ப வந்தா என்ன பண்றதுன்னு கேட்டிருக்கீங்க. வரட்டும், அப்போ பார்ப்போம்னு சொல்ல மாட்டேன், தெரிஞ்சு வெச்சுக்கிறது நல்லது. ஆபரேஷனுக்கு மீறிப்போன வாய்ப்புற்றுக்கு மும்பை டாடா மெமோரியல் புற்றுநோய் ஆஸ்பத்திரியில ஒரு மாத்திரை முறையை ஏத்துற மருந்தோட ஒப்பிட்டு 2020ல வெளியிட்டாங்க. மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு தடவை, செலிகாக்சிப் தினமும். நோயை முழுசா தீர்க்கிறதுக்கு இல்ல, அடக்கி வைக்கிறதுக்கு. மாத்திரையும் ஏத்துற மருந்துக்குக் குறையாம வேலை செஞ்சுது, செலவும் கம்மி. சிறுநீரகம், வயிறு எல்லாம் பார்த்துத்தான் குடுப்பாங்க.

இதுல பார்த்துக்கிறவங்க கையில ஒரு உயிர் இருக்கு: மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள்தான். தினமும் குடுத்துட்டா உயிருக்கே ஆபத்து. சாப்பிட்டதை மறந்துட்டு அவரே இன்னொண்ணு எடுத்துப் போட்டுக்கிற வீட்டுல அட்டையைத் தறிமேடை மேல வைக்காதீங்க, பீரோவுல பூட்டுங்க. கிழமையை அட்டை மேலயே எழுதுங்க. வாயில புண்ணு, காய்ச்சல் வந்தா அன்னிக்கே ஆஸ்பத்திரி.

20 ஜூலை

ராணிப்பேட்டையில இருந்து ஒருத்தர்: "அம்மாவுக்கு 79, மறதி முத்திப்போச்சு, புற்று எதுவும் இல்ல. முகாம்ல மேமோகிராம் (மார்புப் புற்று இருக்கான்னு பார்க்கிற எக்ஸ்ரே) இலவசம்ங்கிறாங்க, கூட்டிகிட்டுப் போகலாமா?"

என்னைக் கேட்டா வேணாம். ஒண்ணுமே தெரியாதப்போ தேடிப் பார்க்கிற டெஸ்ட்டோட பலன் கைக்கு வர ஏறக்குறைய பத்து வருஷம் ஆகும். டெஸ்ட்டு படுத்துற பாடு அன்னிக்கே. சந்தேகமா ஏதாவது தெரிஞ்சா ஊசி, ஸ்கேன்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு இழுக்கும். ஆனா குளிப்பாட்டும்போது கட்டியோ புண்ணோ கையில பட்டா அது வேற விஷயம், உடனே காட்டுங்க. தங்கச்சி, உங்களுக்கும் அதேதான். டார்ச் அடிச்சு வாயைப் பார்க்கும்போது நாக்குக்கு அடியில, மறு கன்னத்துல, அப்படியே தாடைக்குக் கீழ கழுத்தையும் தடவிப் பாருங்க. ராணிப்பேட்டைக்காரரே, இதுக்கு மேல கேக்கணும்னா தனி இழை ஆரம்பிங்க, இங்க வாய் விஷயமே இன்னும் ஓடிகிட்டிருக்கு.